மணியோசையிலிருந்து தன்னாளுகைக்கு: அமெரிக்க மகளிர் கல்லூரி வாழ்வும் அதன் சொற்களும்

1. முன்னுரை

பிற நாட்டுக் கல்வி நிறுவனம் ஒன்றன் வரலாற்றைத் தமிழில் பெயர்ப்பவர் மிகுதியும் இடர்ப்படுவது பாடத்திட்டத்தைக் குறிக்கும் சொற்களில் அன்று. அந்நிறுவனத்தின் அன்றாட வாழ்வைக் குறிக்கும் சொற்களிலேயே ஆகும். உணவுக்கூடம், விடுதி, மணி, விடுமுறை, மூத்தோர்க்கும் இளையோர்க்கும் இடையிலான உறவு ஆகியவற்றைச் சுட்டும் சொற்கள் பார்வைக்கு எளியன. அவற்றுள் அடங்கிய வரலாறு எளிதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மகளிர் 'லிபரல் ஆர்ட்ஸ்' கல்லூரிகள் இதற்குத் தக்க சான்றாகும்.

1837 முதல் இன்றுவரை அக்கல்லூரிகளில் மாணவியர் வாழ்ந்த முறையை, அவ்வாழ்வில் வழங்கிய சொற்களின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. கல்லூரியின் பெயரோடு சேர்ந்த 'லிபரல்' என்னும் அடைமொழி வகுப்பறையில் பெற்ற பொருளைவிட விடுதியில் பெற்ற பொருளே மிகுதி என்பதும், தமிழ்ப் பெயர்ப்பு அப்பொருளை மறைத்துவிடலாகாது என்பதும் இங்கு நிறுவப்பெறும் கருத்துகள்.

2. 'லிபரல்' என்னும் அடைமொழி

'லிபர்' என்னும் இலத்தீன் சொல் அடிமையல்லாதவனைக் குறிக்கும். அடிமையல்லாதவனுக்குத் தகுதியான கல்வி என்பதாலேயே இப்பெயர் வந்தது என உரோமானிய மெய்யியலார் செனெகா தம் 88ஆம் கடிதத்தில் விளக்குகிறார். இடைக்கால ஐரோப்பாவில் இக்கலைகள் ஏழு எனத் தொகுக்கப்பட்டன. இலக்கணம், அளவையியல், சொல்வன்மை, எண்ணியல், வடிவியல், இசை, வானியல் என்பன அவை. கையால் செய்யும் தொழில்கள் இத்தொகுப்பில் இடம்பெறவில்லை. அவை பிறர்க்கு உழைப்போரின் வேலையாகக் கருதப்பட்டன.

தமிழ்க் 'கலை'யின் எல்லை வேறு. அறுபத்துநான்கு கலைகள் என்னும் மரபுத்தொகையில் கைவினைகளுக்கும் இடமுண்டு. இன்றைய கல்லூரி வழக்கிலோ அச்சொல் சுருங்கி 'அறிவியல்' என்பதன் இணைமாற்றாக நிற்கிறது. எனவே, 'லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ்' என்பதைக் 'கலைக் கல்லூரி' எனப் பெயர்த்தால், வேதியியலும் வானியலும் அங்குப் பயிற்றப்படவில்லை என்ற பிழையுணர்வு தோன்றும். 'தாராளக் கலைகள்' எனப் பெயர்த்தால் கொடைப் பண்பும், 1991க்குப் பின் பெருவழக்குற்ற பொருளாதாரத் தாராளமயமும் நினைவுக்கு வரும். இரு பெயர்ப்பிலும் விடுபடுவது ஒன்றே: அடிமையல்லாதார் என்னும் மூலப்பொருள்.

சட்டத்தின் பார்வையில் மணமான பெண்ணின் சொத்து கணவனுடையதாக இருந்த காலத்தில், வாக்குரிமையற்ற பெண்களுக்கு 'உரிமையுடையோரின் கலைகள்' கற்பிக்கப்பட்டன என்பது இவ்வரலாற்றின் தொடக்க முரண் ஆகும்.

3. நாற்றங்காலும் மணியும்

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சௌத் ஹாட்லி என்னும் ஊரில் மேரி லயன் என்னும் ஆசிரியை நிறுவிய மவுண்ட் ஹோலியோக் பெண்கள் 'செமினரி' 1837 நவம்பர் 8ஆம் நாள் ஏறத்தாழ 80 மாணவியருடன் தொடங்கியது. இச்சொல் பெயர்ப்பாளரின் கவனத்துக்குரியது. தமிழ்நாட்டில் 'செமினரி' என்றால் குருக்கள் பயிலும் இறையியல் கல்லூரியே நினைவுக்கு வரும். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அது பெண்களுக்கான உயர்பள்ளியைக் குறித்தது. அதன் இலத்தீன் மூலமான 'செமினாரியம்' என்பதற்கு நாற்றங்கால் என்பது பொருள். நெருக்கி விதைத்து, நீர் காத்து, பறித்து வேறிடத்தில் நடும் முறை மேரி லயனின் நிறுவனத்துக்கும் பொருந்தும். அங்குப் பயின்றவர் பலர் ஆசிரியைகளாகவும் சமயப் பணியாளர்களாகவும் தொலைவிடங்களுக்குச் சென்றனர்.

ஆண்டுக் கட்டணம், உணவும் உறைவிடமும் உட்பட, 60 டாலர். இத்தொகை குறைவாக இருந்ததற்குக் காரணம் வீட்டுப்பணி முறை. சமைத்தல், துவைத்தல், துப்புரவு செய்தல் முதலியவற்றை மாணவியரே நாள்தோறும் ஏறத்தாழ ஒரு மணிநேரம் பகிர்ந்து செய்தனர். இல்லறப் பணிகளைக் கற்பிப்பது தம் நோக்கமன்று என்பதை மேரி லயன் தெளிவாக்கியிருந்தார். எளிய குடும்பத்துப் பெண்களும் கற்க வேண்டும் என்பதே நோக்கம். வேதியியலைத் தாமே கற்பித்த அவர், கற்பவரின் கையில் துடைப்பத்தையும் கொடுத்தார். உரிமைக் கலையையும் கைத்தொழிலையும் பிரித்த இலத்தீன் எல்லைக்கோடு இவ்வாறு ஓர் அமெரிக்கச் சிற்றூரின் சமையற்கட்டில் அழிந்தது எனலாம்.

இவ்வாழ்வின் நாள்முறையைக் காட்டும் நம்பகமான சான்று, பிற்காலத்தில் பெருங்கவிஞராக அறியப்பட்ட எமிலி டிக்கின்சன் 1847 நவம்பரில் தம் தோழிக்கு எழுதிய கடிதம். அவர் அங்கு ஓராண்டு பயின்றவர். காலை 6 மணிக்கு எழுதல், 7 மணிக்கு உணவு, 8 மணிக்குப் படிப்பு, 9 மணிக்கு வழிபாடு, பின்னர்ப் பண்டைய வரலாற்றுப் பாடம், நண்பகலில் உடற்பயிற்சி என அந்நாள் கால்மணிக் கூறுகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. அவருக்கு ஒதுக்கப்பட்ட வீட்டுப்பணி உணவு மேசைக் கத்திகளைப் பற்றியது. காலையிலும் நண்பகலிலும் ஒரு வரிசை மேசைகளின் கத்திகளை எடுத்துச் செல்வதும் இரவில் அவற்றைக் கழுவித் துடைப்பதுமே அப்பணி.

பிற்பகல் 3.45க்கு மாணவியர் குழுக்களாகக் கூடி, அன்றைய தம் குற்றங்களைத் தாமே எடுத்துரைக்க வேண்டும். நேரந்தவறியமை, வாராமை, அமைதிப் படிப்பு வேளையில் பேசியமை, அறைக்குப் பிறரை வரவழைத்தமை ஆகியவை அப்பட்டியலில் அடங்கும். இம்முறையைத் 'தன்முறையீடு' எனத் தமிழில் கூறலாம். 'ஒப்புதல் வாக்குமூலம்' எனின் காவல்துறையும், 'பாவசங்கீர்த்தனம்' எனின் திருச்சபையும் குறுக்கிடும். தன்முறையீட்டில் காவலர் இல்லை, கேட்பவர் ஆசிரியை. ஆனால் விதிகளை வகுத்தவர் மாணவியர் அல்லர். தன்னைத்தானே கண்காணிக்கும் பொறுப்பு அவர்களுக்கு இருந்தது. எதைக் கண்காணிப்பது என முடிவுசெய்யும் உரிமை இருக்கவில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவைக் கடப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

நாளை ஆண்ட அதே மணியே விதிவிலக்கையும் அறிவித்தது என்பது கருதத்தக்கது. 1838 முதல் மவுண்ட் ஹோலியோக்கில் 'மலைநாள்' என்னும் வழக்கம் உண்டு. இலையுதிர்காலத்தில், முன்னறிவிப்பில்லாத ஒரு காலையில் வகுப்புகள் நிறுத்தப்பட, மாணவியர் அருகிலுள்ள மலைக்கு ஏறுவர். பிற்காலத்தில் அந்நாளை அறிவிக்கும் அடையாளமாக மணியோசை நிலைத்தது.

4. பெயர்ப்பலகையிலிருந்து நீங்கிய சொல்

நியூயார்க் மாநிலத்தின் பொக்கிப்சியில் மது வடிப்பாலை உரிமையாளர் மேத்யூ வாஸர் 1861இல் பட்டயம் பெற்ற கல்லூரியின் பெயர் 'வாஸர் ஃபீமேல் காலேஜ்'. அது 1865இல் மாணவியரை ஏற்றது. இப்பெயரின் நடுச்சொல்லை எதிர்த்தவர் அக்காலத்தில் புகழ்பெற்ற மகளிர் இதழொன்றின் ஆசிரியர் சாரா ஜோசஃபா ஹேல். 'ஃபீமேல்' என்பது விலங்குகளுக்கும் பொதுவான சொல். கற்கும் மாந்தரைக் குறிக்க அது தகாது என்பது அவர் வாதம். 1867இல் அச்சொல் சட்டப்படி நீக்கப்பட்டது. கட்டட முகப்பில் பொறித்திருந்த பெயரிலிருந்தும் அது அகற்றப்பட்டது.

இவ்வாதத்தைத் தமிழில் பெயர்க்கும்போது ஓர் இக்கட்டு எழுகிறது. 'பெண்' என்னும் சொல் மக்களுக்கும் அஃறிணைக்கும் பொது. 'பெண் கல்லூரி' என்பதை 'மகளிர் கல்லூரி' எனத் திருத்திய நிகழ்ச்சியாக இதனைப் பெயர்த்தால் வாதம் ஓரளவு விளங்கும். 'மகளிர்' உயர்திணைக்கே உரியது. திணைப் பாகுபாடு தெளிவாக உள்ள மொழி, ஆங்கிலத்தில் ஒரு கிளர்ச்சியால் பெற்ற வேறுபாட்டைத் தன் சொல்வளத்திலேயே கொண்டுள்ளது.

சொல் நீங்கியபின்னும் ஐயம் நீங்கவில்லை. பாஸ்டன் மருத்துவர் எட்வர்ட் கிளார்க் 1873இல் வெளியிட்ட நூலில், ஆண்களுக்குரிய கடுங்கல்வி பெண்ணின் உடலைக் கெடுக்கும் என வாதிட்டார். அதற்கு மறுமொழி கூறியவர்கள் கல்லூரிகளில் பயின்றவர்களே. பட்டம் பெற்ற மகளிர் சங்கம் 700க்கும் மேற்பட்ட பட்டதாரிகளிடம் உடல்நலம் பற்றி வினவித் திரட்டிய செய்திகள் 1885இல் வெளிவந்தன. கல்வியால் அவர்களின் நலம் பொதுவாகக் குன்றவில்லை என்பது முடிவு. ஸ்மித் கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியை செண்டா பெரன்சன் கூடைப்பந்தை அறிமுகப்படுத்தினார். 1893 மார்ச் 22ஆம் நாள் முதலாண்டு, இரண்டாமாண்டு மாணவியர் அணிகள் மோதின. ஆடவர் பார்வையாளராகவும் அனுமதிக்கப்படவில்லை. அரங்கில் ஆடவர் இல்லாதபோதும் முதலாண்டு அணியின் பெயர் 'ஃபிரெஷ்மென்'. அவர்கள் பெறவிருந்த பட்டம் 'பேச்சலர்'. பின்னது மணமாகாத ஆடவனையும் குறிக்கும் சொல். பட்டம் மகளிர்க்குக் கிடைத்த பின்னரும் பட்டத்தின் பெயர் ஆண்பாலாகவே நின்றது. 'இளங்கலை' எனப் பெயர்க்கும் தமிழர் இம்முரணை உணர வாய்ப்பில்லை. மூலத்தில் இம்முரணே பேசுபொருளாக இருப்பின், 'பேச்சலர்' என்னும் ஒலிபெயர்ப்பைத் தக்கவைத்து விளக்குதல் தகும்.

5. தன்னாளுகை

பென்சில்வேனியாவில் 1885இல் தொடங்கிய பிரின் மார் கல்லூரியில் 1892இல் மாணவியர் தன்னாளுகைச் சங்கம் நிறுவப்பட்டது. வகுப்பு சாராத நடத்தை விதிகளை வகுக்கவும் நடைமுறைப்படுத்தவும் அச்சங்கத்துக்கு அதிகாரம் அளிக்கப்பட்டது. மாணவர்க்கு இத்தகைய அதிகாரம் வழங்கிய முதல் முயற்சியாக இது அந்நாட்டில் கருதப்படுகிறது. தன்முறையீட்டில் பொறுப்பு மட்டும் மாணவியுடையது. தன்னாளுகையில் விதியும் அவளுடையது.

'செல்ஃப் கவர்ன்மென்ட்' என்பதைத் 'தன்னாட்சி' எனப் பெயர்த்தல் இங்குப் பொருந்தாது. இந்திய உயர்கல்வி வழக்கில் 'தன்னாட்சிக் கல்லூரி' என்பது பல்கலைக்கழகத்தின் கட்டுப்பாட்டிலிருந்து நிறுவனம் பெறும் விலக்கு. அதில் பயில்வோர் பெறும் உரிமையை அது சுட்டாது. எனவே 'தன்னாளுகை' என்னும் வேறு சொல் இக்கட்டுரையில் ஆளப்படுகிறது. இன்றும் பிரின் மார் முதலிய கல்லூரிகளில் கண்காணிப்பாளர் இன்றி, தாமே தேர்ந்த வேளையில் மாணவியர் தேர்வெழுதும் வழக்கம் இம்மரபின் தொடர்ச்சி.

ஆயினும் இத்தன்னாளுகையின் அடித்தளத்தையும் நோக்குதல் வேண்டும். மவுண்ட் ஹோலியோக் முறையிலான வீட்டுப்பணியைப் பிரின் மாரை வழிநடத்திய கேரி தாமஸ் ஏற்கவில்லை. கற்பவரின் நேரம் கல்விக்கே உரியது என்பது அவர் கொள்கை. ஆகவே விடுதி வேலைகளைப் பணிப்பெண்கள் செய்தனர். அவர்களுள் பலர் கறுப்பினப் பெண்கள். அவர் தலைவராக இருந்த 1894 முதல் 1922 வரையிலான காலத்தில் கறுப்பின மாணவி ஒருவரும் அங்குப் பட்டம் பெறவில்லை. பிறர் உழைப்பின் மேல் நின்று உரிமைக்கலை பயிலும் பழைய உரோமானிய அமைப்பு, தன்னாளுகை பெற்ற அதே விடுதியில் மீண்டும் தோன்றியது. மகளிர் கல்வியின் வெற்றியாக மட்டும் 1892ஐ எழுதும் வரலாறு இதனை விட்டுவிடுகிறது.

6. தளை நீங்கியோரின் கல்லூரி

'லிபர்' என்னும் சொல்லின் நேர்ப்பொருள் வரலாற்று உண்மையாக நின்ற இடம் ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா. 1881இல் அங்கு ஒரு தேவாலயத்தின் அடித்தள அறையில் சோஃபியா பேக்கர்டு, ஹாரியட் கைல்ஸ் என்னும் இரு ஆசிரியைகள் 11 மாணவியருடன் ஒரு பள்ளி தொடங்கினர். அம்மாணவியருள் பெரும்பாலோர் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள். அப்பள்ளி 1884இல் ஸ்பெல்மன் என்னும் பெயரையும் 1924இல் கல்லூரி என்னும் பெயரையும் பெற்றது. உரிமையுடையோர்க்கு உரிய கல்வியை, உரிமை பெற்ற தலைமுறையே நேராகப் பெறத் தொடங்கியமை இங்குக் காணப்படுகிறது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஸ்பெல்மன் விடுதி விதிகள் கடுமையாக இருந்தன. வெளியே செல்லக் கையொப்பமிடல், குறித்த நேரத்துக்குள் திரும்பல், கட்டாய வழிபாடு, ஒழுங்கான உடை ஆகியன வற்புறுத்தப்பட்டன. நிறவெறி நிலவிய நகரத்தில் மாணவியரின் பாதுகாப்பும் நற்பெயரும் கருதி அமைந்தவை என அவ்விதிகளுக்குக் காரணம் கூறலாம். 1960 மார்ச் 9ஆம் நாள் அட்லாண்டாக் கல்லூரி மாணவர்கள் மனித உரிமைகளுக்கான வேண்டுகோள் ஒன்றை நாளிதழ்களில் முழுப்பக்க அறிவிப்பாக வெளியிட்டனர். அதனை எழுதுவதில் முதன்மைப் பங்கு வகித்தவர் ஸ்பெல்மன் மாணவியர் தலைவி ரோஸ்லின் போப். மாலையில் விடுதிக்குத் திரும்பக் கையொப்பமிட வேண்டிய மாணவியர், பகலில் நகரத்து உணவகங்களின் நிறப்பாகுபாட்டை எதிர்த்து அமர்ந்தனர்.

நகரத்தின் விதியை எதிர்த்தவர்கள் விடுதியின் விதியையும் வினவத் தலைப்பட்டது இயல்பே. இவ்விரண்டாம் வினாவில் மாணவியர் பக்கம் நின்ற வரலாற்றுப் பேராசிரியர் ஹோவர்டு ஜின் 1963இல் பணிநீக்கம் செய்யப்பட்டார். புற உரிமையும் அக உரிமையும் ஒரே போராட்டத்தின் இரு கூறுகள் என்பதை ஸ்பெல்மன் வரலாறு புலப்படுத்துகிறது.

7. பெற்றோர் நிலையும் உடன்பிறப்பு உறவும்

கல்லூரி 'பெற்றோரின் இடத்தில் நின்று' மாணவரைக் காக்கும் என்னும் சட்டக் கோட்பாடு 1960களிலும் 1970களிலும் தளர்ந்தது. இரவுத் தடைநேரமும் வருகைக் கட்டுப்பாடும் படிப்படியாக நீங்கின. அதே காலத்தில் யேல், பிரின்ஸ்டன் முதலிய ஆடவர் பல்கலைக்கழகங்கள் 1969இல் இளநிலை வகுப்புகளில் மகளிரைச் சேர்க்கத் தொடங்கின. அவ்வாண்டே வாஸர் ஆடவரைச் சேர்த்தது. 1960களில் 200க்கு மேற்பட்டிருந்த மகளிர் கல்லூரிகள் இன்று 40க்கும் குறைவு. 'ஏழு சகோதரியர்' எனப்பட்ட கல்லூரிகளுள் மவுண்ட் ஹோலியோக், ஸ்மித், வெல்லெஸ்லி, பிரின் மார், பர்னார்டு ஆகிய ஐந்தே மகளிர் கல்லூரிகளாக நிலைத்துள்ளன. இத்தொகைப்பெயர் கிரேக்கத் தொன்மத்தின் விண்மீன் மகளிரை நினைவூட்டுவது. அதே விண்மீன் கூட்டம் தமிழில் அறுவராகிய கார்த்திகைப் பெண்டிர் ஆதலின், பெயர்ப்பாளர் எண்ணைக் காப்பதே போதும்; தொன்மத்தைக் காக்க இயலாது.

பெற்றோர் நிலை தளர்ந்தபோதும் உறவுமுறைச் சொற்கள் விடுதியை விட்டு நீங்கவில்லை. மூத்த மாணவி புதிய மாணவிக்குப் 'பெரிய சகோதரி'யாக அமையும் வழக்கம் பல கல்லூரிகளில் முறைப்படி ஏற்படுத்தப்பட்டது. தமிழக விடுதிகளில் இளையவள் மூத்தவளை 'அக்கா' என விளிப்பது எவரும் ஏற்படுத்தாத இயல்பு வழக்கு. ஆங்கிலத் தொடரை 'அக்கா' எனப் பெயர்த்தால் உணர்வு வரும். ஆனால் அது அங்கு ஓர் ஏற்பாடு என்னும் செய்தி மறையும். 'அக்காவாகக் குறிக்கப்பட்டவர்' என முதல் இடத்தில் விரித்துரைத்தல் நன்று.

அண்மைக் காலத்தில் பால்சுட்டும் சொற்களே மீண்டும் விவாதப் பொருளாயின. 2014இல் மவுண்ட் ஹோலியோக் திருநர் மாணவர்க்கு இடமளிக்கும் சேர்க்கை விதியை அறிவித்தது. 2023இல் வெல்லெஸ்லி மாணவர் வாக்கெடுப்பு, திருநம்பியரையும் பால் இருமைக்கு உட்படாதோரையும் சேர்க்க வேண்டும் எனவும், மாணவரைக் குறிக்கப் பெண்பாற் சொற்களுக்கு மாற்றாகப் பொதுச்சொற்களை ஆள வேண்டும் எனவும் முடிவு தெரிவித்தது. நிருவாகத்தைக் கட்டுப்படுத்தாத அவ்வாக்கெடுப்புக்குப் பின்னும், தாம் மகளிர் கல்லூரியே என நிருவாகம் கூறியது. 1867இல் முகப்பிலிருந்து ஒரு சொல் நீங்கியதும் 2023இல் எழுந்த வினாவும் ஒரே வரலாற்றின் இரு முனைகள். இங்குத் தமிழின் 'அவர்' என்னும் சொல்லும் பலர்பால் வினைமுற்றும் பாலைச் சுட்டாமையால், இயல்பான பெயர்ப்பு விவாதத்தையே காணாமல் ஆக்கிவிடும். இவ்விடத்தில் 'அவள்', 'மாணவி' ஆகிய சொற்களை வேண்டுமென்றே கையாள்வது மூலத்துக்கு உண்மையாக இருக்கும்.

8. நிறைவுரை

இவ்வரலாறு தமிழகத்துக்கு முற்றிலும் அயலானதன்று. 1915இல் சென்னையில் தொடங்கிய மகளிர் கிறித்தவக் கல்லூரி, 1920 முதல் மவுண்ட் ஹோலியோக்கைச் சகோதரிக் கல்லூரியாகக் கொண்டது. மதுரையில் 1948இல் லேடி டோக் கல்லூரியை நிறுவிய கேட்டி வில்காக்ஸ் மவுண்ட் ஹோலியோக்கில் பயின்றவர். நாற்றங்காலிலிருந்து பெயர்த்து நட்ட பயிர்கள் எனவே இவற்றைக் கூறலாம்.

மேற்கண்டவற்றால் பெறப்படுவன இரண்டு. முதலாவது, மணியின் ஆட்சியிலிருந்து தன்முறையீட்டுக்கும், அதிலிருந்து தன்னாளுகைக்கும் சென்ற விடுதி வாழ்வின் வழியாகவே 'லிபரல்' என்னும் அடைமொழி மகளிர்க்கு உண்மையாயிற்று. கத்தி துடைத்தவர் யார், விதி வகுத்தவர் யார், வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் யார் என்னும் வினாக்கள் அச்சொல்லின் பொருளில் அடங்கியவை. இரண்டாவது, அப்பொருள் தோன்றும் பெயர்ப்பு தமிழுக்குத் தேவை. 'உரிமைக்கலைக் கல்வி' என்னும் தொடரை முதலில் விளக்கத்துடன் ஆண்டு, பின்னர்ச் சுருக்கி வழங்கலாம்.

இதற்கு ஒரு தடை கூறப்படலாம். பழைய இலக்கியங்களில் 'உரிமை மகளிர்' என்பது அரசனுக்கு உரியவராய் அந்தப்புரத்தில் வாழ்ந்த பெண்டிரைக் குறித்தது. ஒருவருக்கு உரியவராதலைக் குறித்த சொல், தமக்குத் தாமே உரியவராதலைக் குறிப்பதாக இன்று மாறியுள்ளது. ஆகவே அப்பழம்பொருள் இப்பெயர்ப்புக்குத் தடையாவதில்லை. இக்கல்லூரிகளின் மாணவியர் நடந்து வந்த வழியையே அது காட்டுகிறது.